போதும் என்ற வார்டு

செம்பாற்றூர் மாநகராட்சியில் பட்ஜெட் கூட்டம் என்றால் ஒரு காலத்தில் நாற்காலி பறக்கும், மைக் உடையும், யாராவது ஒரு உறுப்பினர் கிழிந்த சட்டையோடு வாசற்படியில் உட்கார்ந்து பேட்டி கொடுப்பார். பதிலிகள் வந்த பிறகு அந்தக் கலகலப்பெல்லாம் போயே போய்விட்டது. இப்போது உறுப்பினர்கள் வருகிறார்கள், முந்திரி பக்கோடா தின்கிறார்கள், திரையில் ஓடுகிற பட்டியலுக்குக் கை தூக்கிவிட்டுக் கலைகிறார்கள். ஊரே தன் வாயால் கேட்ட பட்டியல். அதை எதிர்த்து யார் என்ன பேசிவிட முடியும்?

பதிலி என்பது வேறொன்றுமில்லை. பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் மாநகராட்சிக் கணினிக்குள் ஒரு மாற்று ஆள். கைபேசி வழியாக அவரோடு பேசிப் பழகி, அவர் குணம், கோபம், ஆசை எல்லாவற்றையும் படித்துக்கொண்டு, அவர் குரலிலேயே பேசுகிற ஆள். பட்ஜெட் நேரத்தில் லட்சக்கணக்கான மக்களைக் கூட்டிவைத்துக் கருத்துக் கேட்பது நடக்கிற காரியமா? பதிலிகளைக் கேட்டால் டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிடும். கவுன்சிலர் கையில் மனுக் கொடுப்பது, ஆணையர் காரை மறிப்பது எல்லாம் பழங்கதை ஆகிவிட்டன. பதிலி சொல்வதுதான் குடிமகன் சொல்வது என்று சட்டமே வந்தாயிற்று.

அந்தப் பட்டியலைத்தான் அன்று சுடர்க்கொடி இரண்டு தடவை படித்தாள்.

சுடர்க்கொடி ஆலையடி வார்டின் கவுன்சிலர். பி.பார்ம் படித்தவள், கணவனோடு சேர்ந்து மருந்துக்கடை நடத்துகிறாள். கட்சியில் யாருக்கும் அந்த வார்டு வேண்டாம் என்றபோது, "எனக்கு எதுக்குங்க" என்று இரண்டு தடவை மறுத்துவிட்டு, மூன்றாம் தடவை வேட்புமனுவில் கையெழுத்துப் போட்டவள். துணை மேயர் பதவியைக் கொண்டுவந்து நீட்டியபோதும் அதையேதான் சொன்னாள். கட்சிக்காரர்களுக்கு அவசரம், ஒரு தடவையோடு போய்விட்டார்கள்.

திரையில் ஆலையடிக்கு நேராக ஒரே ஒரு வரி இருந்தது. 'மகப்பேறு மையம்: தேவை இல்லை. மூடலாம்.'

மேலச்சந்தை வார்டுக்கு நேராகப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. சந்தைக்குள் நகரும் படிக்கட்டு, குளிரூட்டிய மீன் அங்காடி, இருக்கிற இரண்டு நீரூற்றுகளோடு மூன்றாவதாக ஒன்று.

"மேயர் அவர்களே, இது சரியில்ல" என்று எழுந்தாள் சுடர்க்கொடி. "அந்த மையத்த மூடுனா எங்க புள்ளைக ரெண்டு ரயில்வே கேட்டத் தாண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போவணும். வலி எடுத்தவளுக்கு கேட் தொறக்குற வரைக்கும் பொறுமையா இருன்னு சொல்ல முடியுமா?"

மேலச்சந்தை கவுன்சிலர் தங்கமாரியப்பன் பக்கோடாவை மென்றபடியே திரும்பினார். ஊரில் எல்லாருக்கும் அவர் தங்கம் அண்ணாச்சி. மொத்த வியாபாரி, எதிர்க்கட்சி, நக்கலுக்குக் குறைச்சலே இல்லாத மனிதர்.

"ஏன் மதினி, நீங்க கேக்குதீய. உங்க வார்டு ஜனங்க கேக்கலையே! தொண்ணூறு சதவீதம் பேரு 'போதும், வேண்டாம்'னு சொல்லியிருக்காவ. ஜனங்க பேச்ச மீறி நீங்க வாங்கிக் குடுத்தா அது சனநாயகமா?"

சபை சிரித்தது. மேயர் இளமாறன் நல்லவர்தான், ஆனால் சட்டம் படித்தவர். "இறுதி ஓட்டெடுப்பு அடுத்த வெள்ளிக்கிழமை. அதுக்குள்ள பட்டியல்ல தவறு இருக்குன்னு நீங்க காட்டுனா பாக்கலாம்" என்றார். வேறு யாராவது என்றால் மேசையைத் தட்டியிருப்பார்கள். சுடர்க்கொடி, "சரிங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகுதான் தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

ஆலையடிக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆலை மூடிக்கிடந்த நாட்களில் அடுப்பு எரியாத வீட்டிலிருந்தும் ஏப்பச் சத்தம் கேட்ட இடம் அது. சாப்பாட்டு வேளையில் அடுத்த வீட்டுக்குப் போகமாட்டார்கள். தப்பித்தவறிப் போய்விட்டால், "இப்பத்தான் சாப்பிட்டு வாரேன்" என்பார்கள். கேட்டு வாங்குவது கௌரவக் குறைச்சல். கருத்துக் கேட்பு முடிந்து தங்கள் பதிலி என்ன சொன்னது என்று கைபேசியில் கேட்டபோதுகூட, "பரவாயில்ல, நம்மளப் போலவே மரியாதையாப் பேசுது" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்களே தவிர, ஒருவருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. மையம் மூடப்போகிறது என்றபோதுதான் திடுக்கிட்டார்கள். "நாங்க வேண்டாம்னு சொன்னா, அப்படியே வேண்டாம்னு எழுதிக்கிடுவாவளா?" என்று அவளிடமே வந்து கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்குள்தான் எல்லாமே இருந்தது என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

பதிலிகளைப் பராமரிக்கிற பொறியாளர் பெயர் பெனாசிர். கண்ணாடி போட்ட, நேராகப் பேசுகிற பெண். சுடர்க்கொடி புகார் கொடுத்ததும், ஆலையடிப் பதிலிகளில் ஏதாவது கோளாறா என்று பார்க்க அவளே நேரில் வந்தாள். வந்த நாளில் சுடர்க்கொடியின் எதிர்வீட்டில் அபிநயாவுக்கு வளைகாப்பு. மாதம் நெருங்கிவிட்ட பெண். இரண்டு கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தவள் சுடர்க்கொடியைக் கண்டதும், "அக்கா, மையம் இருக்குமா இருக்காதா? எங்க போயிப் பெக்க நான்?" என்றுதான் முதலில் கேட்டாள். "இருக்கும்" என்று சுடர்க்கொடி சொல்லிவிட்டாள். எந்த தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

பெனாசிரையும் பந்தியில் உட்கார வைத்தார்கள். இலைக்குப் பக்கத்தில் கணினிப் பலகையை வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "எல்லாப் பதிலியையும் சோதிச்சுட்டேன்க்கா. ஒரு கோளாறும் இல்ல. ஆளு எப்படியோ அப்படியே இருக்கு. இவிய நெஜமாவே வேண்டாம்னுதான் சொல்லுதாவ."

"நெஜமா வேண்டாம்னா எதுக்கும்மா என்கிட்ட வந்து அழுதாங்க?"

"அதுதான் எனக்கும் புரியல."

அதற்குள் அபிநயாவின் தாய்மாமன் சோற்றுக் கூடையோடு வந்தார். பெனாசிர் இலையைக் கையால் மறைத்து, "போதும் மாமா" என்றாள். அவர் காதிலேயே வாங்கவில்லை, ஒரு கரண்டி விழுந்தது. "ஐயோ, போதும்!" இன்னொரு கரண்டி. "நெசமாவே வயிறு நெறஞ்சிட்டு மாமா" என்று இலையையே மூடப்போனாள். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்து, "அப்ப சரி" என்று அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

பெனாசிர் சிரித்தாள். "என்னக்கா உங்காளுங்க, போதும்னா போதும்னு எடுத்துக்கிட மாட்டாவளா?"

"மொதத் தடவ சொல்ற போதுமுக்கு என்னம்மா அர்த்தம்? அது சும்மா வாய் உபசாரம். மூணு தடவ கேட்டாத்தான் வயித்துல இருக்கறது வெளிய வரும். ஒரு தடவ கேட்டுட்டுச் சட்டிய மூடுறவன் வீட்டுக்கு நாளைக்கு எவன் போவான்?"

சொல்லி முடித்தவள் அப்படியே நின்றாள். பரிமாறக் கையில் வைத்திருந்த பாயசக் கிண்ணம் சாய்ந்து சேலையில் வழிந்தது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"பெனாசிரு, உங்க கணினி பதிலிகிட்ட எத்தன தடவ கேக்கும்?"

பெனாசிரின் சிரிப்பு நின்றது. "ஒரு தடவதான். முதல்ல வார பதில்தான் கலப்படம் இல்லாத பதில்னு வழிமுறையிலயே இருக்கு. திரும்பத் திரும்பக் கேட்டா நெருக்குற மாதிரி ஆயிருமாம். மின்சாரச் செலவும் கூடும்..." பேச்சு பாதியில் தேய்ந்தது. "எங்க உம்மாகூட மூணு தடவ கேட்டாத்தான் வாயத் தொறக்கும்க்கா. மனுசன அச்சு அசலா செஞ்சு வச்சிட்டு, மனுசன்கிட்ட கேக்குற மாதிரி கேக்காம விட்டுட்டோமே!"

இருவரும் கை கழுவக்கூட மறந்து, எல்லாப் பதிலிகளையும் மூன்று தடவை கேட்கத் திட்டம் போட்டார்கள். போட்டதில் ஒரு முட்டுக்கட்டையும் வந்தது. ஒருவருடைய பதிலி சொன்னதை அவர் அனுமதி இல்லாமல் இன்னொருவருக்குக் காட்டக்கூடாது. வார்டின் மொத்தக் கணக்கைத்தான் வெளியிடலாம். ஊர் முழுக்க மறுபடி கேட்க வேண்டுமானால் மேயர் உத்தரவு வேண்டும். கண்ணால் பார்க்காமல் மேயர் உத்தரவு போடமாட்டார்.

"யாராவது ஒருத்தர் சபையில எல்லார் முன்னாலயும் தன் பதிலியப் பேச விடணும்" என்றாள் பெனாசிர்.

"என் பதிலியக் கேளுங்க."

"அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க. உங்க மனசுல இருக்கறது அத்தனையும் அதுக்குத் தெரியும். மூணாந்தடவ கேட்டா அது என்னத்தக் கொட்டும்னு எனக்குத் தெரியாது. எதிர்க்கட்சி இருக்கும், பத்திரிகை இருக்கும்."

சுடர்க்கொடிக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. தன் மனசுக்குள் அப்படி என்ன இருக்கிறது என்று அவள் இதுவரை எட்டிப் பார்த்ததே இல்லை. ஆனால் அபிநயாவிடம் 'இருக்கும்' என்று சொல்லியாயிற்று. துணிந்தவளுக்குத் துக்கமில்லை என்று தலையாட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவள் எழுந்து விஷயத்தைச் சொன்னபோது பாதிப் பேர் சிரித்தார்கள்.

"பந்தி விசாரிக்கிற மாதிரியா பட்ஜெட் போடுறது?" என்றார் ஆணையர். "நாலு தடவ கேட்டா எவனும்தான் மாத்திப் பேசுவான்."

"அப்ப கேட்டுத்தான் பாருங்களேன். என் பதிலியக் கூப்பிடுங்க. நானே அனுமதி தாரேன்."

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. இத்தனை வருடத்தில் யாரும் தன் பதிலியை நடுச்சபையில் பேச விட்டதில்லை. தங்கம் அண்ணாச்சி பக்கோடாத் தட்டைத் தள்ளி வைத்தார். பெனாசிர் பொத்தானைத் தட்ட, திரையில் சுடர்க்கொடியின் பெயர் வந்தது. மேயரே கேட்டார்.

"ஆலையடிக்கு மகப்பேறு மையம் வேண்டுமா?"

"பரவாயில்லங்க" என்றது சுடர்க்கொடியின் குரல். "ரொம்பச் சிரமப்படுதவங்களுக்குக் குடுங்க. எங்களுக்கு இருக்கறது போதும்."

சிரிப்பில் கூரை பறந்தது. "மதினியே மதினிக்கு எதிரா ஓட்டுப் போடுதாக!" என்று தொடையைத் தட்டினார் அண்ணாச்சி. சுடர்க்கொடிக்குக் காது மடல் சுட்டது. மையத்தை மூடச் சொன்ன ஆலையடிக் குரல்களில் தன் குரலும் ஒன்று என்பதை அவள் அப்போதுதான் நேருக்கு நேர் கேட்டாள்.

"இன்னொரு தடவ கேளுங்க" என்றாள்.

மேயர் கேட்டார். "அட, எதுக்குங்க, நாங்க எப்படியும் சமாளிச்சுக்கிடுவோம்" என்றது குரல்.

"போதுமா?" என்றார் ஆணையர்.

"போதாது. ஐயா, உங்க வீட்டுக்கு வந்த ஆளக் கேக்குற மாதிரி கேளுங்க."

மேயர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு சட்டப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மைக்கை நெருங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "கூச்சப்படாம சொல்லுங்கம்மா. நெசமா உங்களுக்கு என்ன வேணும்?"

பதிலியிடமிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

"இம்புட்டுத் தூரம் கேக்குதியளேன்னு சொல்லுதேன்" என்று ஆரம்பித்தது. "மையம் வேணும். வேணுமா வேண்டாமான்னு அதுல என்ன கேள்வி? போன மாசி மாசம் மையம் பூட்டிக் கெடந்த ஒரு நாளு, கேட்ல கூட்ஸ் வண்டி நின்னுட்டு. ஆட்டோக்குள்ளயே ஒரு புள்ளைக்குப் பிரசவம் ஆச்சு. நாந்தான் கடையப் போட்டுட்டு ஓடுனேன். என் கையிலதான் அந்தக் குழந்த வந்து விழுந்துச்சு. அழுதுட்டு, அதனால தப்பிச்சோம். அடுத்தது அழுமான்னு எனக்குத் தெரியாது. அன்னைலேருந்து கேட் சத்தம் கேட்டாலே எனக்குக் கை நடுங்குது. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா, கவுன்சிலரே பயப்படுதாகன்னு ஜனங்களும் பயந்துருமேன்னு சொல்லல."

சுடர்க்கொடி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கணவனிடம்கூடச் சொல்லாத நடுக்கம் அது.

"அப்புறம்" என்றது பதிலி, வாய் திறந்த வேகத்தில். "மூணாம் தெருச் சாக்கடைய மூடணும். எங்களுக்கும் ஒரு பூங்கா வேணும், நாங்க என்ன நடக்கத் தெரியாதவங்களா? இந்த மாடியில பொம்பளை உறுப்பினர்களுக்குக் கழிப்பறை வேணும். கூட்டத்துக்கு நடுவுல ரெண்டு மாடி எறங்கி ஏறிட்டு வாரதுக்குள்ள நீங்க நாலு தீர்மானத்த நிறைவேத்திருதீய."

பெண் உறுப்பினர்கள் கட்சி பேதமில்லாமல் மேசையைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் பதிலி கடைசியாக ஒன்றைச் சொன்னது.

"பிறகு, அந்த மேயர் நாற்காலி. அதுல உக்காந்து நெறையச் செய்யலாம்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. இப்ப இருக்கவர விட நல்லாவே செய்வேன்."

சுடர்க்கொடி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பூமி பிளந்தால் குதித்துவிடலாம் போலிருந்தது. முதலில் சிரித்தவர் யார் என்று பார்த்தால், மேயர் இளமாறன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றே உத்தரவிட்டார். "இதுக்கு மேல ஆதாரம் எதுக்கு? செம்பாற்றூர்ல இருக்கற எல்லாப் பதிலியையும் மூணு தடவ கேளுங்க. மரியாதையாக் கேளுங்க."

அன்றைக்கு டீ ஆறியது, இரண்டாவது டீயும் ஆறியது. பட்டியல் மெதுவாகத் திரையில் எழுந்தது. ஆலையடியிலிருந்து 'வேணும்' என்ற பதில் மளமளவென்று ஏறி, தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டிப் போயிற்று. ஆலையடி மட்டுமா? ஏரிக்கரைப் பக்கத்து வார்டுகள், தோட்டிக் குடியிருப்பு என்று பழைய பேர் ஒட்டிக்கொண்ட தெருக்கள், இத்தனை காலம் வாய் மூடிக் கிடந்த இடமெல்லாம் பேச ஆரம்பித்தன. உறுப்பினர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். சிலர் தங்கள் வார்டின் பெயர் வரும்போது கைதட்டினார்கள்.

"இதெல்லாத்துக்கும் பணம் எங்கேருந்து வரும்?" என்று ஆணையர் தலையில் கைவைத்தார். அவர் கையை எடுப்பதற்குள் அடுத்த அதிசயம் நடந்தது. மேலச்சந்தைக்கு நேராக இருந்த பட்டியல் சரசரவென்று சுருங்கியது. நகரும் படிக்கட்டு போயிற்று. குளிர் மீன் அங்காடி, வெறும் ஓடு வேய்ந்த மீன் அங்காடி ஆயிற்று. மூன்றாவது நீரூற்றைக் காணவே காணோம். மீந்த தொகை ஆலையடியின் மையத்துக்குப் போக, மற்ற வார்டுகளின் சாக்கடைக்கும் விளக்குக்கும் கணிசமாகப் பங்கு வந்தது.

எல்லார் பார்வையும் தங்கம் அண்ணாச்சி மேல் விழுந்தது. அவர் கொஞ்ச நேரம் திரையையும் கூரையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கையை விரித்துவிட்டார்.

"என்னய எதுக்குப் பாக்குதீய? நாங்க யாவாரிங்க. மொத வெல எப்பவும் மூணு மடங்காத்தான் சொல்லுவோம். எதிராளி கொறச்சுக் கேப்பான், நாங்க எறங்குவோம், நியாயமான இடத்துல வந்து நிப்போம். உங்க கணினி மொத வெலையே கொறைக்காம முழுசாக் குடுத்துட்டுய்யா! அத்தன நீரூத்த வச்சிக்கிட்டு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஈரத்துல வழுக்கி விழுதவன் எண்ணிக்கையே தாங்கல." சபை உருண்டு சிரித்து அடங்கியதும், அவர் சுடர்க்கொடி பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "மதினி, உங்க மையத்துக்கு மொத ஓட்டு என்னுது."

எதிர்ப்பில்லாமல் தீர்மானம் நிறைவேறியது. சுடர்க்கொடி கட்டடத்தை விட்டு வெளியே வந்தபோது ஆலையடியே அங்கே நின்றது. வேட்டு வெடித்தார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு போகாத குறை. "எல்லாம் நீங்க கேட்டு வாங்குனதுதான்" என்று அவள் சொல்ல, "மூணு தடவ கேட்டாங்களாமே!" என்று ஆலையடிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டார்கள். அபிநயா கூட்டத்தில் நெருங்க முடியாமல் தூரத்திலிருந்து வளையல் கையை ஆட்டினாள். சுடர்க்கொடிக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

ஆனாலும் அந்த நாற்காலிப் பேச்சு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. பத்திரிகைகள் ஒரு வாரம் அதை வைத்து ஓட்டின. "இது பதிலி சொன்னது, நான் சொல்லல" என்று மழுப்பப் பார்த்தாள். ஆனால் பதிலி வேறு, தான் வேறா? சபையில் கேட்டது தன் ஆசையேதான். வெட்கம் குறையக் குறைய, அந்த ஆசை மட்டும் குறையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

ஆண்டு முடிவதற்குள் இளமாறன் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டு ஜெயித்து, மேயர் பதவியை விட்டு விலகினார். புது மேயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சுடர்க்கொடியின் மருந்துக்கடை வாசலில் இரண்டு கட்சிக் கவுன்சிலர்களும் கும்பலாக வந்து இறங்கினார்கள். ஆலையடியாள் குணம் தெரிந்து தயாராக வந்திருந்தார்கள். முதல் தடவை மறுத்தால் எடுத்துச் சொல்ல ஒருவர், இரண்டாம் தடவை மறுத்தால் உருகிப் பேச ஒருவர், மூன்றாம் தடவைக்குச் சால்வை. தலைமை தாங்கி வந்தவர் தங்கம் அண்ணாச்சி. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மதினி, ஊருக்கு ஒரு மேயர் வேணும். அந்தப் பொறுப்ப நீங்க..."

"வேணும்" என்றாள் சுடர்க்கொடி.

அண்ணாச்சி திறந்த வாயை மூடவில்லை. மிச்சம் இரண்டு தடவைக்கு ஆயத்தமாக வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவள் கல்லாப்பெட்டியைப் பூட்டி, சாவியைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டினாள்.

"என்ன நின்னுட்டீய அண்ணாச்சி? வாங்க, போவோம்."